மாணவர் கண்காட்சிகளில் சக்திப் படைப்புகளை மதிப்பிடும் முறை

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள், 1987 முதல், தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்பெற்று வருகின்றது. 1928ஆம் ஆண்டில் சர் சி. வி. இராமன் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தமையை நினைவுகூரும் நாள் அது. பெங்களூர் மல்லேஸ்வரத்திற்கு இந்நாளோடு நெருங்கிய உறவு உண்டு. இராமன் 1933 முதல் 1937 வரை இயக்குநராக விளங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம் இப்பேட்டையை ஒட்டியே அமைந்துள்ளது. அவருடைய 'பஞ்சவடி' இல்லமும் இப்பேட்டைக்குள்ளேயே இருக்கின்றது. எனவே, அத்தினத்தையொட்டிப் பள்ளிகளில் நடைபெறும் மாணவர் கண்காட்சிகள் எவ்வாறு மதிப்பிடப்பெறுகின்றன என்பதை ஆராய மல்லேஸ்வரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.

இக்கண்காட்சிகளில் 'சக்தி' என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்பெறும் படைப்புகளின் பட்டியல் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்றேயாகும். தெர்மகோல் அட்டையில் வெட்டிய அணைக்கட்டு, அதன் அடிவாரத்தில் சிறு விளக்குகள், எலுமிச்சம்பழ மின்கலம், காற்றாடி, வண்டிகள் ஏறியிறங்கும் வேகத்தடையிலிருந்து மின்சாரம், நடப்போர் காலடியிலிருந்து மின்சாரம். நடுவர் ஒரு மேசைக்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஒதுக்குவதற்கில்லை. மாணவன் மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்கின்றான்; விசையை அழுத்துகின்றான்; விளக்கு எரிகின்றது; நடுவர் தலையசைத்து மதிப்பெண் இடுகின்றார். விளக்கு எரிந்ததா என்பது பார்க்கப்பெறுகின்றது. எவ்வளவு நேரம் எரியும், எதனால் எரிகின்றது, உட்சென்ற சக்தி எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதேயில்லை. சக்தியைப் பற்றிய படைப்பில் இவற்றைக் கேளாமல் வேறு எதனைக் கேட்டாலும் பயனில்லை.

அணைக்கட்டை எடுத்துக்கொள்வோம். மைசூர் சமஸ்தானம் 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, அங்கிருந்து நெடுந்தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிற்று. 1905இல் பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்கு எரியத் தொடங்கியது. இத்தகைய வரலாறுடைய நகரில் ஒரு சிறுவன் நீர்மின் நிலையத்தின் மாதிரியைச் செய்ய விழைவது இயல்பே. ஆனால் அவன் வாளியிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஒரு மீட்டர் உயரத்தினின்று விழுமாயின் அது தரக்கூடிய சக்தி 9.8 ஜூல் மட்டுமே. சிறிதும் வீணாகாமல் முழுவதும் மின்சாரமாக மாறினாலும், ஒரு வாட் விளக்கைப் பத்து விநாடி எரிக்கவும் அது போதாது. மேசைமேல் உள்ள மாதிரியிலோ நான்கு விளக்குகள் காலைமுதல் மாலைவரை அணையாமல் எரிகின்றன. பலகையின் அடியில் ஒரு மின்கலம் ஒளிந்திருக்கின்றது என்பதை அறிய நடுவர் பலகையைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மேற்கண்ட ஒரு வரிக் கணக்கே போதும். மின்கலம் இருப்பது குற்றமன்று. 'இது மாதிரி மட்டுமே. விளக்குகள் மின்கலத்தால் எரிகின்றன' என்று மாணவன் எழுதி வைத்திருந்தால் அது நேர்மையான காட்சிப்பொருள். எழுதி வைக்காமலிருக்குமாறு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதே கேட்கத்தக்கது.

இவ்விடத்தில் சொற்குழப்பம் ஒன்றையும் கூறுதல் வேண்டும். சக்தி வேறு, அது செலவாகும் விரைவாகிய திறன் வேறு. முன்னது ஜூலிலும் யூனிட்டிலும் அளக்கப்பெறுவது. பின்னது வாட்டில் அளக்கப்பெறுவது. தமிழில் பேச்சுவழக்கும் செய்தித்தாள்களும் இரண்டையும் 'மின்சக்தி' என்ற ஒரே சொல்லால் குறித்து வந்துள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆற்றல்', 'திறன்' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'சக்தி', 'வலு' என்றும் பிரித்துக் கூறுகின்றன. எச்சொல்லை ஆண்டாலும் குற்றமில்லை. வேறுபாடு தெரிந்திருத்தல் வேண்டும். 'எங்கள் கருவி 5 வாட் மின்சாரத்தைச் சேமிக்கின்றது' என்று அட்டையில் எழுதியிருப்பதைக் கண்டும் நடுவர் கடந்து செல்வாராயின், அம்மாணவன் அப்பிழையை இன்னும் பல ஆண்டுகள் சுமந்து செல்வான்.

வேகத்தடை மின்சாரம் நாடெங்கும் பரிசு பெறும் படைப்பாகும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள மோட்டார் வண்டியொன்று 5 சென்டிமீட்டர் கீழிறங்கினால் கிடைக்கும் சக்தி 490 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். ஆகவே இழப்பே இல்லாத பொறியமைந்தாலும் ஒரு யூனிட்டுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அதன்மேல் ஏறியிறங்க வேண்டும். பாதி சக்தி வீணாகுமெனின் பதினாலாயிரத்தைத் தாண்டும். அன்றியும், அச்சக்தி வானத்திலிருந்து வந்ததன்று. அவ்வண்டிகளின் பெட்ரோலிலிருந்து எடுக்கப்பெற்றது. காலடி மின்சாரத்தின் நிலை இன்னும் எளியது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது பலகை 5 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் ஏறத்தாழ 3 ஜூல் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் காலடிகள் வேண்டும். சம்பிகே சாலையில் பண்டிகை நாளின் நெரிசல் முழுவதையும் அப்பலகைமேல் நடக்கவிட்டாலும் ஒரு வீட்டின் ஒருநாள் செலவுக்குக் கிட்டுவது அரிது. இக்கணக்கை மாணவனே போட்டு, 'ஆகையால் வீதி விளக்குக்கு இது உதவாது. ஆயினும் நடப்போர் தொகையை எண்ணும் சிறு கருவிக்கு உதவும்' என்று முடிவுகூறுவானாயின், அவனுக்கு முதற்பரிசு அளிப்பதில் தயக்கம் வேண்டா. கணக்கின்றி 'நாட்டின் மின்பஞ்சம் தீரும்' என்பவனுக்கு அளிப்பதே தவறு.

எலுமிச்சம்பழத்திலும் இதே கதைதான். பழம் மின்சாரம் தருகின்றது என்பது மாணவர் கூற்று. சக்தியைத் தருவது கரைந்துபோகும் துத்தநாகத் தகடு; பழச்சாறு அயனிகள் இயங்குவதற்குரிய ஊடகமேயாம். சோதனைக்கு முன்னும் பின்னும் தகட்டை நிறுத்துப் பார்த்த மாணவன் எவனேனும் உண்டா?

மோட்டாரை ஜெனரேட்டரோடு இணைத்து, ஜெனரேட்டரின் மின்சாரத்தாலேயே மோட்டாரை ஓடச்செய்து, மிச்சத்தால் விளக்கெரிப்பதாகக் கூறும் படைப்பும் அவ்வப்போது தலைகாட்டுகின்றது. இத்தகைய ஓயாப் பொறிகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775ஆம் ஆண்டிலேயே தீர்மானித்துவிட்டது. பள்ளிக் கண்காட்சியின் நடுவர் அவ்வாறு கதவடைத்துவிடுதல் நன்றன்று. அம்மாணவனை அழைத்து, மோட்டாரின் கம்பியைக் கழற்றி, எவ்வளவு நேரம் சுழன்று நிற்கின்றது என்று கடிகாரத்தைக் கொண்டு பார்க்கச் சொல்லலாம். நின்றுபோகும் அந்தச் சில விநாடிகள் அவனுக்குப் பாடநூலின் ஓர் இயலைக் கற்பித்துவிடும். வளர்ந்தோர்க்கே இப்பாடம் எளிதில் வருவதில்லை. 1996ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 'மூலிகைப் பெட்ரோல்' என்ற செய்தி எழுந்தபோது, நீரோடு இலையைக் காய்ச்சி எரிபொருள் எடுக்கலாம் என்பதைப் படித்தோரும் அதிகாரத்திலிருந்தோரும் பலர் நம்பினர். அவ்விவகாரம் இறுதியில் நீதிமன்றம்வரை சென்றது. அங்கும் முதலில் நிகழ்ந்தது கண்ணெதிரே எரிந்து காட்டும் செய்முறை விளக்கந்தான். தராசும் கணக்கும் பின்னரே வந்தன. பள்ளிக்கூடத்தில் விளக்கு எரிந்ததைக் கண்டு மதிப்பெண் இடும் பழக்கம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அளந்த மாணவனையும் அளக்காத மாணவனையும் நடுவர் எங்ஙனம் வேறு பிரித்தறிவது? மல்லேஸ்வரத்தில் இதற்கு இயற்கையே ஒரு வழி செய்து கொடுத்திருக்கின்றது. பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவாகையால் இங்கு நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அடுப்பையோ சூரிய அடுப்பையோ பற்றிய படைப்பில், மாணவியின் அட்டவணை '100' என்று முடிந்திருக்குமானால், வெப்பமானியைப் பாராமல் நூலைப் பார்த்து எழுதினாள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மலிவான வெப்பமானி ஒன்றிரண்டு பாகை பிழை காட்டக்கூடுமாதலின், உடனே முடிவு கட்டிவிடாமல் வினாவி அறிதல் வேண்டும். '97க்கு மேல் ஏறவேயில்லை; வெப்பமானி பழுது என்று நினைத்து வேறொன்றை வாங்கிப் பார்த்தேன்; அதுவும் அப்படியே காட்டிற்று' என்று அவள் சொல்வாளாயின், நடுவர் தேடிவந்தது கிடைத்துவிட்டது எனலாம்.

அத்தகைய மாணவி விறகடுப்பொன்றைச் சோதித்தாள் என வைத்துக்கொள்வோம். 25 பாகையிலிருந்த 5 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 1 கிலோ உலர்ந்த விறகு செலவாயிற்று. நீர் ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 1,500 கிலோஜூல். விறகில் அடங்கியிருந்தது சுமார் 16,000 கிலோஜூல். பயன் விகிதம் நூற்றுக்கு ஒன்பது அல்லது பத்து. இதற்கு வேண்டுவன ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு. பிறகு அவள் அடுப்பின் வாயைச் சுருக்கி, அடியில் கம்பிவலை இட்டு, மீண்டும் அளக்கின்றாள். பன்னிரண்டு வருகின்றது. மூன்றாம் முறை பதினொன்று. அவள் மேசையில் எரியும் விளக்கு ஒன்றுமில்லை. புகைபடிந்த பாத்திரமும் மடிப்புக் கலைந்த குறிப்பேடுமே உள்ளன. அடுத்த மேசையில், பெற்றோர் எஸ். பி. சாலைக் கடைகளிலிருந்து உறுப்புகளை வாங்கிக் கொடுத்துச் செய்த, வண்ண விளக்குகள் மின்னும் 'நாளைய நகரம்' நிற்கின்றது. இன்றைய முறையில் இவ்விருவருள் பரிசு யாருக்குச் செல்லும் என்பது அனைவரும் அறிந்ததே. இழப்பு ஒரு பரிசுக் கோப்பையோடு முடிவதில்லை. 'அளந்து பார்த்தது வீண்வேலை' என்று பதின்மூன்று வயதில் ஒரு பெண் முடிவு செய்துகொள்கின்றாள்.

அவ்வேலை வீண்வேலையன்று என்பதற்கு மல்லேஸ்வரத்தின் அண்டையிலேயே பெரியதொரு சான்று உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974ஆம் ஆண்டு, மின்வேதியியல் அறிஞரான அமுல்ய குமார் ரெட்டியின் முயற்சியால், விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கிராமங்களுக்குப் பயன்படுத்தும் நோக்குடன் 'அஸ்திரா' என்னும் அமைப்பு தோன்றியது. அது இன்று நிலைபேறுடைய தொழில்நுட்பங்களுக்கான மையமாக விளங்குகின்றது. உயர்ந்த ஆய்வுக்கூடங்களை உடைய அக்கழகத்தார் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று விறகை நிறுத்ததும், நீர் சுமக்கவும் சுள்ளி பொறுக்கவும் பெண்களும் குழந்தைகளும் செலவிட்ட மணிநேரங்களை எண்ணியதுமாகும். கிராமத்தின் சக்தித் தேவையில் மிகப்பெரும் பங்கை வகிப்பது மண்ணெண்ணெயுமன்று, மின்சாரமுமன்று, சமையல் விறகே என்பது அக்கணக்கினின்று வெளிப்பட்டது. அதன்பின்னரே அவர்கள் அடுப்பின்மேல் கைவைத்தனர். பழைய அடுப்பின் பயன் விகிதம் நூற்றுக்குப் பத்தளவில் இருக்க, அவர்கள் வடிவமைத்த மூன்று பாத்திர அடுப்பு ஆய்வுக்கூடச் சோதனையில் நாற்பதை எட்டிற்று. கன்னடத்தில் அடுப்புக்கு 'ஒலெ' என்று பெயர். 'அஸ்திரா ஒலெ' என்றே அது வழங்கலாயிற்று.

அவர்களுடைய வெற்றியைவிடத் தோல்வியே இங்கு எடுத்துக்காட்டத்தக்கது. அம்மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரில், ஊரார் அனைவர்க்கும் பொதுவாகச் சாணவாயுக் கலம் அமைத்து, அவ்வாயுவால் சமையல் நடத்த முதலில் முயன்றனர். கிடைத்த வாயு எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதவில்லை. பயன் குறையவே ஊராரின் ஆர்வமும் குறைந்தது. இதனை மறைத்து, கலத்தின் முன்னே ஒரு விளக்கைக் கொளுத்தி விழா எடுத்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கணக்கை வெளியிட்டனர், ஊராரிடம் அவர்களுக்கு முதன்மையாக வேண்டுவது யாது என்று வினாவினர். குடிநீர் என்ற விடை வந்தது. 1987ஆம் ஆண்டில் அதே வாயுவைக் கொண்டு டீசல் எஞ்சினோடு ஒரு சிறு ஜெனரேட்டரை ஓட்டி, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் இறைத்து வீதிக்கு வழங்கினர். வீடுகளுக்கு விளக்கும் கிடைத்தது. சாணம் கொண்டுவந்தோர்க்கு எடைக்கேற்ற கூலியும் எருக்குழம்பும் திரும்பிச் சென்றன. சமையலுக்குப் போதாத சக்தி நீர் இறைக்கப் போதுமானது என்பது அளந்ததனால் மட்டுமே தெரியவந்த உண்மை. இதே வேலையை எட்டாம் வகுப்பு மாணவன் செய்து, 'முதல் முயற்சி பலிக்கவில்லை' என்று எழுதிக் கண்காட்சிக்குக் கொணர்ந்திருந்தால் எத்தனை மதிப்பெண் பெற்றிருப்பான் என்பது எண்ணத்தக்கது.

மைய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை பள்ளி மாணவர்களின் புதுக்கருத்துகளைத் தேர்ந்து, மாதிரி செய்வதற்கென ரூ. 10,000 வழங்கும் திட்டத்தை நடத்தி வருகின்றது. புதுமை, சமுதாயப் பயன், சுற்றுச்சூழலுக்கு இசைவு முதலியன அதன் அளவுகோல்கள். குறைகூறுவதற்கு ஒன்றுமில்லை, ஆனால் 'சமுதாயப் பயன்' என்பது எண்ணிக்கையின்றி எளிதில் கோரத்தக்க சொல். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் விஞ்ஞான மாநாடு இவ்வகையில் சிறந்த வழியைக் காட்டிற்று. 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் அதன் மையப்பொருள் சக்தியே. மாணவர்கள் தம் ஊரின் சிக்கலொன்றை எடுத்துக்கொண்டு, குழுவாக ஆராய்ந்து, நாட்குறிப்பேடு எழுதி, தத்தம் மொழியிலேயே அறிக்கை தரலாம் என்பது அம்மாநாட்டின் மரபு. மல்லேஸ்வரம் போன்ற பேட்டையில், வீட்டில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள், மேசைமுன் நின்றதும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்குகின்றனர். ஒப்பித்தது அறிந்ததுதானா என்று காண, 'அதையே வீட்டில் பாட்டிக்குச் சொல்வது போலச் சொல்' என்று நடுவர் கேட்டால் போதும்; ஐந்து நிமிடத்திலும் நேரம் மிஞ்சும்.

நல்ல வினாவினின்று தொடங்கிய படைப்புக்கும் கணக்கு வேண்டும். திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுவோர் எரிக்கும் கரியைக் கண்டு, சூரிய சக்தியால் இயங்கும் இஸ்திரி வண்டியொன்றை உருவாக்கி 2020, 2021 ஆண்டுகளில் பன்னாட்டுப் பாராட்டுப் பெற்றார். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி செலவாகின்றது என்பது அவர் கூறிய அளவு. அக்கரியில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 40 யூனிட். 2 சதுர மீட்டர் சூரியத் தகடு ஐந்து மணிநேர நல்ல வெயிலில் தரக்கூடியது சுமார் 2 யூனிட். இருபதில் ஒரு பங்கைக் கொண்டு அதே வேலையை எங்ஙனம் முடிப்பது? கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி துணியைச் சேராமல் காற்றில் கலந்து போகின்றது. துணிக்கு உண்மையில் வேண்டுவது மிகக் குறைவு. இக்கேள்வியைக் கேட்ட நடுவர் அப்படைப்பைக் குறைத்தவராக மாட்டார். அதன் மேன்மை எங்குள்ளது என்பதைக் கண்டவராவார்.

செய்யத்தக்கன அரியவையல்ல. நடுவர் மேசையில் ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு மல்டிமீட்டர், ஒரு கடிகாரம் இருத்தல் வேண்டும். ஐயமெழுந்தால் அங்கேயே அளந்து பார்க்கலாம். குறிப்பேடுகளைக் கண்காட்சிக்கு முதல்நாளே வாங்கி, தனியே இருந்து படித்து மதிப்பிடல் வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதியேனும் அதற்கு உரியதாகட்டும். நேரமில்லை என்ற மறுப்பு இதனால் நீங்கும். மேசையருகே செலவிடும் நேரம் வினாக்களுக்கு எஞ்சும். அழகுக்கும் தோற்றத்திற்கும் ஒரு சிறு பங்கு இருக்கலாம்; பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதைத் தடுப்பானேன்? விலைக்கு வாங்கிய உறுப்புகளின் பட்டியலையும் விலையையும் அட்டையில் எழுதச் செய்தால், கோப்பை பெற்றோரின் பணப்பைக்குச் செல்வது ஓரளவு குறையும்.

படைப்புக்குப் பொருளும் தொலைவிலில்லை. பெங்களூர் வீடுகளின் மாடிகளில் சூரிய வெந்நீர்க் கலங்கள் மலிந்துள்ளன. 100 லிட்டர் நீரை 30 பாகை சூடாக்கும் கலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட்டுக்கு நிகரான வெப்பத்தைத் தருகின்றது. மாலையில் எத்தனை பாகை, மறுநாள் விடியலில் எத்தனை பாகை, இரவில் இழந்தது எவ்வளவு, மேகமூட்டமான ஜூலையில் நிலை யாது என்று ஒரு மாணவன் ஓராண்டு குறித்துவந்தால், அது தெர்மகோல் அணைக்கட்டுகள் பலவற்றுக்கு ஈடாகும். வீட்டு மின்மானியும் அவ்வாறே. 2023 முதல் கர்நாடக அரசு, வரம்புக்குட்பட்டு மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்கு இலவச மின்சாரம் வழங்குகின்றது. கட்டணத்தில் சுழியம் இருந்தாலும் அச்சீட்டில் யூனிட் எண்ணிக்கை அச்சாகியே வருகின்றது. பெற்றோர் பார்க்காமல் விட்ட அவ்வெண்ணைப் பிள்ளைகள் படிக்கலாம்.

அடுத்த பிப்ரவரியில் மல்லேஸ்வரத்துப் பள்ளியொன்று இதனைத் தொடங்கிவைக்க விரும்பினால், கண்காட்சி நிகழும் கூடத்தின் மின்மானியிலிருந்தே தொடங்கலாம். காலையில் திறக்கும்போதும் மாலையில் மூடும்போதும் இரு மாணவர்கள் அதனை வாசித்து, சக்தி சேமிப்பைப் பற்றிய அத்தனை படைப்புகளுக்கும், அவற்றின்மேல் எரிந்த விளக்குகளுக்கும், ஒலிபெருக்கிக்கும், நடுவர் தலைக்குமேல் சுழன்ற விசிறிக்கும் ஒருநாளில் செலவான யூனிட் எத்தனை என்று வாயிற்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கட்டும்.